காற்றுத் தீர்த்தம்

என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். மைசூரில் மழை விட்டுப் பனி தொடங்கும் மாதங்களில் அவளுக்கு மூச்சு இழுக்கும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வரும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதில் நமக்கே அந்த இழுப்பு வந்து தொலைக்கக் கூடாதா என்று இருக்கும். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு இன்ஹேலரும், அதோடு மாட்டிக்கொள்ள ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார்.

காலையில் இரண்டு பஃப், மாலையில் இரண்டு பஃப். இழுப்பு இல்லாத நாளிலும் தவறக் கூடாது. "பிரதி சாரியூ பாயி முக்களிஸி உகுளபேக்கு, மரீபேடி" என்றார். ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மறக்காதீர்கள் என்று. நான் தலையாட்டினேன். மருத்துவர்களிடம் தலையாட்டுவதில் நான் எப்போதும் முதல் மாணவி.

என் கணவருக்கு அந்த இன்ஹேலர் முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவர் அதைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டார், 'பம்பு' என்பார். "அஞ்சு வயசுக் கொழந்தைக்கு ஸ்டீராய்டா? பழகிடும். அப்பறம் பம்பு இல்லாம மூச்சே விட மாட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் நான் ஒரே வார்த்தையில் வெட்டினேன். எனக்குக் கோபம் மூக்கின்மேல் நிற்கும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அவர் குரல் உயரவில்லை, ஆனால் ஓயவும் இல்லை. ஏதாவது ஒரு கோளாறு வரட்டும், பம்பைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று காத்திருந்தார். நிறுத்தினால் குழந்தை மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் என்று நான் பயந்தேன். வீட்டில் அந்த வருஷம் முழுக்க இதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிய வழக்கு.

குழந்தையோ மூன்றாவது கட்சி. குழாயை முகத்தருகே கொண்டு போனாலே "பேடாம்மா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் போட்டுக் கத்துவாள். மேல்கோட்டையிலிருந்து கிளம்பிய எங்கள் ஆத்துத் தமிழ் மைசூருக்கு வந்து பாதி கன்னடத்தில் கரைந்துபோனது. அவளிடத்தில் மீதியும் கரைந்துகொண்டிருந்தது. கோபம் வந்தால் கன்னடம், கொஞ்சலுக்கு மட்டும் தமிழ். ஹெப்பாளில் என் கம்பெனிக்குப் போகும் பஸ் ஏழு இருபதுக்குத் தெருமுனையில் நிற்கும். ஏழு மணிக்கு நான் ஒரு கையில் குழாயும் ஒரு கையில் குழந்தையின் தாடையுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்கு ஒரு யோசனை வந்தது. என் கணவர் காலையில் ஆபீஸ் போகும் அவசரத்திலும் பெருமாளுக்கு ஆராதனம் பண்ணாமல் கிளம்ப மாட்டார். முடிந்ததும் பெண் ஓடிவந்து வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவாள். உத்தரணி என்கிற சின்னக் கரண்டியால் மூன்று தடவை தீர்த்தம். அதை உறிஞ்சிவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்வாள். அவளுடைய நாளில் அதுதான் பெரிய மரியாதை. அன்று குழாயை நீட்டி, "இதுவும் தீர்த்தம்டி கண்ணு. காத்துத் தீர்த்தம். ஒனக்கு மூச்சு நன்னா வரணும்னு பெருமாள் தனியா அனுப்பியிருக்கார்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். கையைக் குழிக்கப் போனாள். கை வேண்டாம், வாய் போதும் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து தகராறே இல்லை. நான் ஆபீசில் நான்கு பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். குழந்தை வளர்ப்பில் எனக்கு ஒரு தனி சாமர்த்தியம் இருப்பதாகவே நம்பினேன்.

மாலை வேளைக்குக் கீழ்வீட்டுப் பெண் இருந்தாள். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கொங்குத் தமிழ் பேசுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவளுக்குக் குழந்தை இல்லை. பள்ளி வேனிலிருந்து என் பெண்ணை இறக்கி, நான் வரும்வரை வைத்துக்கொள்வாள். ஆறு மணிக்கு இரண்டு பஃப் கொடுக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளிக்கச் செய்ய வேண்டும் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன். அவள் அதைச் சுவரில் மாட்டிய காலண்டரில் தினமும் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்துவந்தாள்.

இழுப்பு நின்றது. இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு ஒரு நாள் டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வந்தது. எலுமிச்சை சாதம். மறுநாள் ரசம் சாதத்தை வாயில் வைத்ததும் "எரியறது" என்று உமிழ்ந்தாள். தயிர்சாதம் மட்டும் இறங்கியது. மூன்றாம் நாள் நாக்கில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தயிர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் சர்வ நிச்சயமாக முடிவு கட்டி, நாக்கு வழிப்பானால் ஒரு இழு இழுத்தேன். தயிர் வரவில்லை, ரத்தம் வந்தது. அவள் வீறிட்டதில் என் கணவர் முகத்தில் பாதி சவரத்தோடு ஓடிவந்தார்.

வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தோம். கன்னங்களின் உள்பக்கமெல்லாம் அதே வெள்ளை. "பூசணம்" என்றார் அவர். "ரொட்டியில பூக்குமே, அதே பூசணம்."

எனக்கு அந்த வார்த்தை சுரீர் என்றது. ஈரக் கை பட்டால் ஊறுகாய் ஜாடியில் பூசணம் வரும், வந்தால் அந்த வீட்டுப் பொம்மனாட்டிக்கு வக்கில்லை என்று அர்த்தம். மடி, ஆசாரம் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை பேசும் வீட்டில், குழந்தையின் வாயிலேயே பூசணம்! யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். வலியில் அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஃபங்கஸ்தான் என்றார். இன்ஹேலர் மருந்து கொஞ்சம் வாயிலேயே தங்கிவிடும், கொப்பளித்துத் துப்பாவிட்டால் சில குழந்தைகளுக்கு இப்படி வரும். வாய்க்குள் தடவ ஒரு மருந்து எழுதினார். இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கொப்பளிக்கிறாளா?" என்று கேட்டார்.

"தினமும்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. காலையில் பஃப் முடிந்ததும் அவள் பாத்ரூமுக்கு ஓடுவாள். நான் சமையலறையிலிருந்து "கொப்பளிச்சாச்சா?" என்று குரல் கொடுப்பேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். "ஆச்சும்மா" என்று பதில் வரும். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்?

ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கணவர் ஆரம்பித்தார். "தெனம் கொப்பளிச்சும் வந்திருக்குன்னா பம்புதானே காரணம்? இதோட நிறுத்திடலாம்."

அவர் கணக்கு சரிதான். கொப்பளித்தும் வந்ததென்றால் மருந்தின்மேல் தப்பு, யாரோ கொப்பளிக்க வைக்கவில்லை என்றால் ஆளின்மேல் தப்பு. இன்ஹேலரைக் காப்பாற்ற எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. காலையில் நான், மாலையில் கீழ்வீட்டுப் பெண். ஆள் கிடைத்துவிட்டது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அவள் கதவைத் தட்டினேன். குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாயங்காலம் இவ வாய் கொப்பளிக்கறாளா இல்லையா?"

"தெனமும் ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுப்பனுங்கக்கா" என்றாள்.

"குடுத்தா ஆச்சா? துப்பறாளான்னு நின்னு பாத்தேளா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குழந்தையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு போதாதா எனக்கு? மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கொழந்தை வாயில ரத்தம் வந்தது தெரியுமா, ஒரு டம்ளர் தண்ணியைக் கவனிக்கக்கூடவா நேரமில்லை, நம்பித்தானே விட்டேன் என்று படபடவென்று கொட்டினேன். "நாளையிலேர்ந்து இவளை இங்க அனுப்பலை" என்று முடித்தேன். அவள் "செரிங்கக்கா" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாடிப்படி ஏறும்போது என் கால்கள் லேசாக இருந்தன. கோபத்தைக் கொட்டினவர்களுக்குக் கிடைக்கும் அந்த அற்ப சந்தோஷத்தை நான் அனுபவித்தேன்.

வீட்டில் அறிவித்தேன்: தப்பு பம்பின் மேல் இல்லை, கீழ்வீட்டின் மேல். என் கணவர் முணுமுணுத்துவிட்டு, "செரி, மருந்து தடவிப் பாரு. இன்னொரு தடவை வந்தா நான் கேக்க மாட்டேன்" என்றார்.

ஆபீசில் கேட்டு, மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஏற்பாடு செய்துகொண்டேன். மூன்றரைக்கு வேனிலிருந்து நானே இறக்கினேன். ஆறு மணிக்கு நானே இரண்டு பஃப். அவள் பாத்ரூமுக்கு ஓடுவாள், நான் லேப்டாப்பில் மீட்டிங் நடுவே மைக்கை அணைத்துவிட்டு "கொப்பளிச்சாச்சா?" என்பேன். "ஆச்சும்மா." ஒரு வாரத்தில் நாக்கு ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. பார்த்தாயா, நாமே கவனித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். படியில் கீழ்வீட்டுப் பெண் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவாள். குழந்தை "ஆண்ட்டி" என்று கையை ஆட்டும். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

தடவும் மருந்தை நிறுத்திய மூன்றாம் வாரம் அந்த வெள்ளை திரும்பி வந்தது.

பல் தேய்க்கும்போது என் கணவர்தான் பார்த்தார். கத்தவில்லை. இன்ஹேலரையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போய் பீரோ தலையில், என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். "இப்போ யாரைச் சொல்லப்போறே?" என்றார்.

காலையும் நான், மாலையும் நான். பழி போடக் கீழே ஆள் இல்லை. அன்று காலை வேளை மருந்து போகவில்லை. வெளியே பனி விலகாத நாள். மதியம் வேனிலிருந்து இறங்கும்போதே அவள் இருமிக்கொண்டு இறங்கினாள். அந்த இருமலை எனக்குத் தெரியும், முதலில் வறட்டு இருமல், பிறகு விசில் சத்தம், அதன் பிறகு விலா. நான் அவருக்குப் போன் செய்து, "இன்னிக்கு ஒரே ஒரு வேளை. கடைசியா ஒரு தடவை நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்று கேட்டேன். அதட்டவில்லை, கேட்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அது அபூர்வம். "ஸ்டூல் போட்டு எடுத்துக்கோ" என்றார்.

ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினேன். இரண்டு பஃப் கொடுத்தேன். அவள் வழக்கம்போல் பாத்ரூமுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் திடுக்கிட்டாள்.

"நீ ஏம்மா வந்தே?"

"சும்மாதான். நீ கொப்பளி."

டம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள். கன்னங்களை உப்பி இப்படியும் அப்படியும் ஆட்டினாள், அழகாகத்தான் ஆட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தி மடக்கென்று விழுங்கினாள். ஒரு கையால் குழாயைத் திறந்து வாஷ்பேசினில் தண்ணீரைச் சளசளவென்று விழவிட்டு, என்னைப் பார்த்து, "ஆச்சும்மா" என்றாள்.

மூன்று மாதமாக நான் சமையலறையிலிருந்து கேட்ட சத்தம் அதுதான்.

"ஏண்டி, துப்பாம முழுங்கறே?"

அவள் முகம் சுண்டிவிட்டது. "தீர்த்தத்தை யாராவது துப்புவாளாம்மா? பாவம் இல்லையா?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எப்போதோ ஜலதோஷத்தோடு தீர்த்தம் வாங்கும்போது தும்மல் வந்து அவள் அதைத் தரையில் உமிழ்ந்துவிட்டாள். என் கணவர் முகம் மாறி, "தீர்த்தத்தை துப்பப்படாதும்மா, சிந்தவும்படாது" என்று சொல்லியிருந்தார். நானும் ஆமாம் என்றேன். அவள் அந்தப் பாடத்தை நாங்கள் நினைத்ததைவிட நன்றாகப் படித்திருக்கிறாள். அம்மா துப்பச் சொல்கிறாள், அம்மாவே தீர்த்தம் என்றும் சொல்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஐந்து வயசு மூளை கண்டுபிடித்த வழி, தண்ணீரை விழுங்கிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவது. பெருமாளுக்கும் கோபம் வராது, அம்மாவுக்கும் கோபம் வராது.

அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பாத்ரூம் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். "கண்ணு, அம்மா பொய் சொல்லிட்டேன். அது தீர்த்தம் இல்லை, மருந்து. டாக்டர் எழுதிக் குடுத்தா, மெடிக்கல்ல வாங்கினோம்."

"பெருமாள் அனுப்பலையா?"

"இல்லை."

"அப்போ துப்பலாமா?"

"துப்பியே ஆகணும்."

கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள். அம்மாவும் பொய் சொல்லுவாள் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பாள். பிறகு இறங்கிப் போய், வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, சுவரெல்லாம் தெறிக்கத் துப்பினாள். மறுபடி துப்பினாள். நான்கு தடவை. இத்தனை நாள் அடக்கிவைத்த அத்தனையும் வெளியே வந்தது. சிரிப்பும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

முகத்தைத் துடைத்துவிடும்போதுதான் கேட்டேன். "கீழாத்து ஆண்ட்டிக்கு இது தெரியுமா?"

"தெரியுமே. அவா 'துப்பு பாப்பா'ன்னா. இது தீர்த்தம் ஆண்ட்டி, துப்பினா பாவம், அம்மா சொல்லியிருக்கான்னு சொன்னேன். அப்பறம் அவா சொல்லவே இல்லை."

இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், ஸ்டூல் மேலேயே கிடந்த இன்ஹேலரை எடுத்து மருந்து அலமாரியில் அதன் பழைய இடத்தில் வைத்தார். மறுபடி ஒரு வாரம் மருந்து தடவினோம். ஒவ்வொரு வேளையும் ஒருவர் பக்கத்தில் நின்று, தண்ணீர் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்தோம். அந்த வெள்ளை மூன்றாம் தடவை வரவில்லை, மூச்சும் தடைப்படவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மறுநாள் காலையிலேயே நான் கீழே இறங்க வேண்டியிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவள் மாடியிலும் பழி சுமந்தவள் கீழேயும் இருந்தோம், நடுவில் பதினெட்டுப் படி. ஏழு இருபது பஸ்ஸை விட்டேன்.

கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போனாள். அடுத்த திட்டுக்குத் தயாராகிறாள் என்று தெரிந்தது. நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்மேல் என்றேன். மன்னிச்சுக்கோங்கோ என்றேன்.

"அய்யோ, பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாமுங்கக்கா. பாப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்குது?"

"தேவலை. ஆனா நீங்க ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை? அன்னிக்கு அத்தனை திட்டினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

அவள் கதவு நாதாங்கியைத் தடவிக்கொண்டே தயங்கினாள்.

"உங்கூட்டு வழக்கமோ என்னமோன்னு இருந்துட்டனுங்க. அன்னிக்குச் சொல்லியிருந்தா பாப்பாவைத் திட்டுவீங்க, அதான் வாயத் தொறக்கலீங்க. முந்தி ஒருக்கா கிரகணத்தன்னைக்குப் பாப்பா பசிக்குதுன்னு அழுதுச்சுங்க. நான் பால் காச்சிக் குடுத்துட்டேன். நீங்க வந்து, எங்காத்து ஆசாரம் ஒங்களுக்குப் புரியாது, தெரியாத விஷயத்துல கை வைக்காதீங்கோன்னு சொன்னீங்க. அதுலருந்து நானு எதையுங் கேக்கறதில்லீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் அந்த நாள் வரவில்லை. நான் போகிற போக்கில் வீசிவிட்டுப் போன ஒரு வாக்கியம். அவள் அதை நிலைப்படியில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் இரண்டு வருஷம் என் குழந்தையை வளர்த்திருக்கிறாள். குழந்தையின் வாயில் பூசணம் பூக்க வைத்த அந்த விழுங்கலைக் கண்ணால் பார்த்த ஒரே பெரியவளின் வாயை நான் முன்னாலேயே அடைத்து வைத்திருந்தேன்.

"இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து அனுப்பட்டுமா?" என்று கேட்டேன். முடியாது என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. "அனுப்புங்கக்கா" என்றாள். நான் படியில் கால் வைத்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா... இனிமேலு நான் துப்பச் சொல்லலாமுங்களா?"

கேலி இல்லை. நிஜமாகவே அனுமதி கேட்டாள்.

திரும்பிப் போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்கோ" என்றேன். "எங்கிட்டயும் எதுவானாலும் சொல்லுங்கோ."

அவள் "செரிங்கக்கா" என்றாள். அதை அவள் நம்பியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.